நான் திருகாத வால்வு

1

கும்பகோணத்தில் நான் ஒரு வீரனாம். சித்தப்பா மகன் ராமநாதன் எழுதியிருக்கிறான். மலாய் நாட்டில் சோமு சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுத்தான், வெள்ளைக்காரத் துரையைக் கூண்டில் ஏற்றினான், ஜெயித்தும் விட்டான் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். சர்க்கார் உத்தியோகம் போன இரண்டு பேர் அவன் வீட்டுக்கே வந்துவிட்டார்களாம். சோமு எந்த வக்கீலைப் பிடித்தான், எங்கிருந்து ஆரம்பித்தான், அதையெல்லாம் விவரமாக எழுதச் சொல்லுங்கள் என்று அவனை நச்சரிக்கிறார்களாம்.

செய்தி கடல் தாண்டும்போது எப்படி உப்பிப் போகிறது பாருங்கள். கோர்ட்டுக்கு இழுத்தது நிஜம். துரை கூண்டில் ஏறியதும் நிஜம். ஜெயித்தது மட்டும் பொய். நான் தோற்றேன். சாதாரணமாகத் தோற்கவில்லை, என் சொந்தச் சாட்சிகளின் வாயாலேயே, அவர்கள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்ன வார்த்தைகளாலேயே தோற்றேன். தீர்ப்பு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அதை நினைத்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். ஒரு சீன முதலாளியின் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். நாள் முழுக்க உமியை அள்ளிப் போட்டுத் தீயை வளர்ப்பது, நீராவி ஏறுகிறதா என்று பார்ப்பது. உமித் தூசி மூக்கிலும் ஏறுகிறது, சோற்றிலும் விழுகிறது. முன்பு பிரிக்பீல்ட்ஸில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். குழாய்த் தண்ணீர், சிமெண்டுத் தரை, தெருக்கோடியில் கோயில், அதற்கு எதிர்ப்புறம் மாதா கோயில். எந்த இலாகா என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு வழக்கு வரும், அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. தண்ணீர் இறைக்கிற ஓர் இலாகா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கேட்ட அந்த இரண்டு பேருக்காகவே இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

2

ஆற்றோரத்தில் ஒரு பம்புக் கொட்டகை. நான் பம்பு டிரைவர். முனியாண்டி பாய்லருக்குத் தீ போடுகிறவன். சாமிக்கண்ணு எண்ணெய் போடுகிறவன். மூன்று பேரும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரே சூட்டில் வெந்தவர்கள். அவர்கள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீராவிப் பம்பு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வெளியே போகிற குழாயின் வால்வை மூடக்கூடாது. மூடினால் தண்ணீர் போக வழியில்லாமல் பம்பு தன் வயிற்றையே கிழித்துக்கொள்ளும். எங்கள் கொட்டகையில் படுத்திருக்கும் பூனைக்குக்கூட அது தெரியும்.

எங்கள் இஞ்சினீர் துரைக்கும் தெரியும். ஆனால் அன்று அவர் ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்திருந்தார். சீமையிலிருந்து புதிதாக இறங்கியவர் போல, வெள்ளை வெளேரென்று உடுப்பு. துரை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இது பாய்லர், இது முள், இது சக்கரம். கடைசியில் வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருகியே காட்ட ஆரம்பித்தார். பேச்சு சுவாரசியத்தில் கை தன் பாட்டுக்குத் திருகிக்கொண்டே போயிற்று.

நான் அந்தப் பக்கமிருந்து, "துவான், வேணாம், துவான்!" என்று கத்தினேன். இங்கே துரைகளைத் துவான் என்றுதான் கூப்பிட வேண்டும். பம்பு போடுகிற சத்தத்தில் என் சத்தம் எங்கே கேட்கும்? ஓடிப்போய்ச் சேருவதற்குள் வெடித்துவிட்டது. இரும்பு பிளந்து தண்ணீர் பீறிட்டு விருந்தாளியை இடுப்புக்குக் கீழே நனைத்தது. முனியாண்டி நீராவியை அடைத்தான். சாமிக்கண்ணு எண்ணெய்க் குவளையோடு அப்படியே நின்றுவிட்டான்.

துரை திரும்பினார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. என்ன செய்தாய் என்று என்னைப் பார்த்து மலாயில் கத்தினார். என்னிடம் அவர் எப்போதும் மலாய்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் கூப்பி, "அம்புன், துவான், அம்புன்" என்றேன். மன்னிக்க வேண்டும் துரை, மன்னிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், தன் கவனக்குறைவை மேலதிகாரியிடம் தானே ஒப்புக்கொண்டான்.

3

நான் ஏன் கும்பிட்டேன் என்று இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் மட்டும் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரியும்.

என் அப்பா எங்கள் பக்கத்தில் ஓர் ஆபீசில் சேவகராக இருந்தார். சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்தது ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைக் காணோம். மனிதர் எகிறிக் குதிக்கிறார். யார் எடுத்தது, எங்கே வைத்தீர்கள், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஒரே ரகளை. குமாஸ்தாக்கள், சேவகர்கள், தண்ணீர் வைக்கிறவர் வரை எல்லோரும் வரிசையாக எழுந்து நின்று, "தப்புதான் எஜமான், மன்னிச்சிடுங்க எஜமான்" என்கிறார்கள். கண்ணாடி அவர் நெற்றியிலேயே ஏற்றி விடப்பட்டிருந்தது. யாரோ பணிவாகச் சுட்டிக் காட்டினார்கள். அவர் இறக்கி மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அத்தனை பேரும் சேர்ந்து கண்ணாடியைத் திருடியதாக அன்றைக்கு யாராவது நினைத்தார்களா? அந்த அதிகாரியே நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பது எங்களுக்கு மழைக்குக் குடை விரிப்பது போல. குடை பிடித்தவன்தான் மழையைக் கொண்டுவந்தான் என்று யாரும் சொல்வதில்லை.

இந்தப் பழக்கத்தையும் படுக்கையோடு சுருட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்க அப்படித்தான். ஓவர்சீயர் முறைத்தால் மன்னிப்பு, கிராணி இருமினால் மன்னிப்பு. ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறோம் என்று நாங்களே அறிய மாட்டோம். இங்கே எல்லாவற்றுக்கும் புதுப்பேர் வந்துவிட்டது. குமாஸ்தா கிராணி ஆகிவிட்டார். சந்தையை நானே பாசார் என்று எழுத, ராமநாதன் அது எந்த ஊர் என்று கேட்டு எழுதுகிறான். கும்பிடு மட்டும் அப்படியே ஊர்க் கும்பிடு.

4

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனால் இன்னொரு வேலை கிடையாது. குவார்ட்டர்ஸும் கையை விட்டுப் போகும். எல்லாவற்றையும் விட, கவனமில்லாமல் பம்பை உடைத்தவன் என்ற பேரோடு எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பது? எனக்குத் தெரிந்தது இயந்திரம் ஒன்றுதான். அதனால்தான் வக்கீலிடம் போனேன்.

வக்கீல் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். கருப்புக் கோட்டும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும், பேச்சில் ஒரு கண்டிப்பும்.

"நீர் அந்த வால்வைத் திருகினீரோ?"

"இல்லீங்க."

"துரை திருகினதைப் பார்த்த ஆக்கள் இருக்கினமோ?"

"ரெண்டு பேர் இருக்காங்க."

"பிறகு ஏன் காணும் மன்னிப்புக் கேட்டனீர்?"

"துரை கோவமா இருந்தாருங்க."

அம்பலவாணர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்தது. யாழ்ப்பாணத்திலும் அதிகாரிகள் கோபப்படுவார்கள்தானே. "எனக்கு விளங்குது," என்றார். "இதை ஒரு வெள்ளைக்கார நீதிபதிக்கு நான் எப்பிடி இங்கிலீசிலே விளங்கப்படுத்திறது?"

அவர் சொன்ன சட்டம் இது. இலாகாவின் சொந்த விதிப்படி, என்னைப் போல நிரந்தர வேலையில் இருப்பவனை விசாரணை நடத்தாமல் நீக்கக்கூடாது. ஆனால் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் விசாரணை தேவையில்லை. ஆகவே கோர்ட்டு ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கும். நான் கும்பிட்டது ஒப்புக்கொண்டதா, இல்லையா?

"வால்வை யார் திருகினது எண்டு பார்க்க மாட்டினமோ?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது விசாரணையிலே பார்க்கவேண்டிய விஷயம். விசாரணை வேணுமெண்டுதான் நாங்கள் கோர்ட்டுக்குப் போறம்," என்றார்.

வழக்குப் போடுவதற்கு முன்னால் இலாகாவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கொடுக்க நான் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிப் புத்தகமாகும். முதல் ஜன்னலில் இருந்த கிராணி, "இலாகா ஆளுங்க எது குடுத்தாலும் துரை மூலமா வரணும்," என்றார். "துரை மேலதானேங்க புகார்," என்றேன். "யார் மேலயா இருந்தா என்ன? அவர் மூலமாத்தான் வரணும்." நான் இப்போது இலாகா ஆளே இல்லையே, நீக்கிவிட்டார்களே என்றேன். "அப்படின்னா வெளியாள். அடுத்த ஜன்னல்." அடுத்த ஜன்னல்காரர் படித்துவிட்டு, "நீக்கினது செல்லாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப நீங்க இலாகா ஆளுதானே? முதல் ஜன்னலுக்குப் போங்க," என்றார்.

நான் வெயிலில் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் நின்றேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நின்று என்ன செய்தேன்? இரண்டு பேரிடமும் சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அம்பலவாணர் கடைசியில் தன் ஆளை விட்டு எப்படியோ கொடுத்து முடித்தார்.

5

என் மகள் கமலம் கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தாள். இங்கேயே பிறந்தவள். வீட்டில் அம்மாவிடம் தமிழ், பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்ணிடம் மலாய், தனக்குத்தானே பேசிக்கொள்வது இங்கிலீஷ். கணக்குப் போடும்போது உதட்டசைவில் இங்கிலீஷ்தான் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் உட்கார்ந்து படிப்பது போல எனக்கு இருக்கும்.

வேலை போன அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளும் கேட்டாள்.

"அப்பா, நீங்க செய்யலைன்னா ஏன் சாரி சொன்னீங்க?"

"அது அப்படித்தாம்மா. பெரியவங்க கோவத்துல இருக்கும்போது..."

"எங்க ஸ்கூல்ல சிஸ்டர் சொல்வாங்க. செஞ்சவங்கதான் சாரி சொல்லணும். செய்யாதவங்க சொன்னா அது பொய்."

"வாய மூடிட்டு சாப்பிடு," என்றாள் என் மனைவி மரகதம்.

கமலம் சாப்பிட்டாள். ஆனால் அவள் பார்வை மாறிவிட்டது. அவள் கணக்கில் அப்பா ஒன்று பம்பை உடைத்தவர், இல்லை பொய் சொன்னவர். மூன்றாவதாக ஒரு இடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. கோர்ட்டுக்குப் போக நான் துணிந்ததற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம். சர்க்கார் முத்திரையோடு ஒரு தீர்ப்பு வந்தால் அவள் நம்புவாள் என்று நினைத்தேன். பெற்ற பெண்ணுக்குத் தன்னை நிரூபிக்க ஒருவன் வெள்ளைக்காரனின் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இதுதான் அக்கரைச் சீமையில் பிள்ளை வளர்ப்பது.

6

திடலை ஒட்டிய பெரிய கோர்ட்டுக் கட்டடம். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் முதலில் கூண்டில் ஏறினேன். மொழிபெயர்க்க ஒரு தமிழர் பக்கத்தில் நின்றார்.

இலாகாவின் வக்கீல் ஒல்லியான வெள்ளைக்காரர். அவசரமே படாமல் கேட்டார்.

"பம்பு வெடித்ததும் நீ உன் மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டாயா?"

"கேட்டேன்."

"எதற்காகக் கேட்டாய்?"

"துரை கோபமாக இருந்ததற்காக."

மொழிபெயர்த்ததும் கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்ற போலீஸ்காரன்கூடச் சிரித்தான். நீதிபதி தலையை நிமிர்த்தி முறைத்தார். உடனே கையைக் கூப்பி, "மன்னிக்கணும் எஜமான்," என்றேன்.

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். அவர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளியதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு மெல்லச் சொன்னார். "கனம் நீதிபதி அவர்களே, இந்தக் கோர்ட்டில் சிரித்தவர்கள் மற்றவர்கள். இவர் சிரிக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்டவர் இவர். இந்த மனிதர் இப்போது எந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்?"

நீதிபதியின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எதையோ எழுதிக்கொண்டார். அம்பலவாணர் என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கும்பிட்டது நமக்கு நல்லதாக முடியப் போகிறது என்று நினைத்தேன். அன்று காலை மட்டும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யாராவது கும்பகோணத்துக்குத் தந்தி அடித்தார்களோ என்னவோ.

அப்புறம் முனியாண்டி ஏறினான். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, கை நீளம் போதவில்லை. சாட்சி சொன்னால் உங்கள் வேலைக்கும் ஆகாது என்று ஹெட் கிராணி ஜாடையாகச் சொல்லியும் வந்தவர்கள் இருவரும். அந்த நன்றியை நான் மறக்கவே மாட்டேன். மறக்க முடியாததுதான் தொல்லை. திட்டவும் முடியவில்லை.

முனியாண்டி வந்ததும் வராததுமாக, "துரைதான் திருகினாருங்க, நான் கண்ணால..." என்று தொடங்கினான். இலாகா வக்கீல் எழுந்தார். அது இங்கே கேள்வி இல்லை என்றார். நீதிபதியும் ஆமாம் என்றார். முனியாண்டி முழித்தான். அதைச் சொல்லத்தானே அவன் வந்திருந்தான்.

"இவர் மன்னிப்புக் கேட்டதை மட்டும் சொல்," என்றார் இலாகா வக்கீல். "சும்மா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாரா? உண்மையாகவே கேட்டாரா?"

அவ்வளவுதான். மரியாதை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முனியாண்டிக்கு வழி தெரிந்துவிட்டது. அண்ணன் மரியாதை தெரிந்தவர் என்று நிரூபித்தால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பட்டது.

"சும்மாவா? என்னங்க அப்படிக் கேக்குறீங்க! ரெண்டு கையும் சேத்து, இடுப்பு வளஞ்சு கும்பிட்டாருங்க. கால்லயே விழப் போனாரு, துரைதான் பின்னால நகந்துக்கிட்டாரு. அவ்வளவு பணிவான மனுசங்க எங்க அண்ணன். மனசாரத்தாங்க கேட்டாரு!"

நான் காலில் விழப் போகவே இல்லை. தரையில் தண்ணீர் இருந்தது, கால் வழுக்கியது.

அடுத்து சாமிக்கண்ணு. முனியாண்டி நன்றாகச் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, தான் அதைவிட ஒரு படி மேலே சொல்ல வேண்டும் என்ற முடிவோடு ஏறினான். கூண்டில் ஏறும்போதே என்னைப் பார்த்து, கவலைப்படாதீங்க என்று கையைக் காட்டினான்.

"அழுதாருங்க! கண்ணுல தண்ணி கொட்டுது. 'எல்லாம் என் தப்பு துரை, என் பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாருங்க'ன்னு அழுதாருங்க. பாத்த எங்களுக்கே மனசு தாங்கல. அப்பேர்ப்பட்ட மனுசன வேலைய விட்டு நிறுத்துறது ஞாயமாங்க?"

நான் அழவில்லை. அது பாய்லர் புகை. எல்லாம் என் தப்பு என்று சொல்லவும் இல்லை. ஆனால் சாமிக்கண்ணு இருந்த ஊரில் யாரும் மேலதிகாரியிடம் பாதி மன்னிப்புக் கேட்டதில்லை. முழுசாகக் கேட்டால் அழுகையும் வரும், குடும்பமும் வரும், எல்லாம் என் தப்பும் வரும். ஆகவே எனக்காக அவன் முழுசாகவே கேட்டுவிட்டான்.

அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி வேகமாக எழுதினார்.

அப்புறம் துரை ஏறினார். அவன் மன்னிப்புக் கேட்டானா, கேட்டான். வருந்துகிறவன் போலத் தெரிந்ததா, தெரிந்தது. அத்துடன் முடிந்தது. அம்பலவாணர் எழுந்திருக்கவே இல்லை, கேள்வி இல்லை என்று உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். ஒரு சுருட்டில் பாதி புகைக்கிற நேரம்கூடத் துரை கூண்டில் நிற்கவில்லை.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. வாதி அழுது, பணிந்து, தன் தவறு என்று சொன்னதை அவருடைய சாட்சிகளே நிரூபித்துவிட்டார்கள். இதைவிடத் தெளிவான ஒப்புதல் இருக்க முடியாது. வால்வைத் திருகியது யார் என்பது இந்தக் கோர்ட்டின் முன் உள்ள விஷயமல்ல.

வெளியே மரத்தடியில் சாமிக்கண்ணு வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தான். இங்கிலீஷில் படித்த தீர்ப்பு அவனுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை.

"நல்லா சொன்னேனா அண்ணே?"

தொண்டை வரைக்கும் என்னென்னவோ வந்தது. அவன் வேலையைப் பணயம் வைத்து வந்தவன்.

"நல்லா சொன்ன, சாமிக்கண்ணு," என்றேன்.

7

வழக்கு முடியும் வரை எங்களைக் குவார்ட்டர்ஸில் விட்டு வைத்திருந்தார்கள். தீர்ப்பு வந்த பிறகு ஹெட் கிராணி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். துரை கெட்டவர் இல்லை, இரக்கப்படுகிறார் என்றார். ரவாங் பக்கத்தில் ஒரு கொட்டகைக்குக் காவல்காரன் தேவை. பம்பைத் தொட முடியாது, ஆனால் சர்க்கார் வேலை. கமலத்தின் படிப்பு முடியும் வரைக்கும் குவார்ட்டர்ஸில் குடும்பம் இருக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணுதான். நேர்ல வந்து துரைகிட்ட மன்னிப்பு கேட்டு, கேட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடணும். கோர்ட்டுக்குப் போய் அவர நிக்க வெச்சிட்டீங்கல்ல. அவருக்கும் மேல இருக்கறவங்க கேப்பாங்கல்ல."

அவர் போனதும் மரகதம் சொன்னாள், "கேட்டுட்டு வந்துடுங்க. வாய்தானே. நாளெல்லாம் கேக்கறதுதானே."

அவள் சொன்னது சரி. நாளெல்லாம் கேட்டவன்தான். ஆனால் அந்த வழக்கு எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துத் தொலைத்துவிட்டது. நான் சொல்வதை இவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமல் ஆயிரம் முறை சொல்லலாம். தெரிந்த பிறகு ஒரு முறை சொல்ல நாக்கு எழவில்லை.

இரண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கமலம் என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் நின்றாள்.

"நீங்க கேளுங்கப்பா. பரவால்ல. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கோர்ட்டில் தோற்றபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. அவள் நம்பியதற்கு மாறாக அப்பா ஒரு காரியம் செய்ய, அவளே அனுமதி கொடுக்கிறாள். தன் பள்ளிக்கூடத்துக்காகவும் எங்கள் அடுப்புக்காகவும்தான் கொடுக்கிறாள். நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினேன்.

துரை மேஜைக்குப் பின்னால் இருந்தார். முன்னால் ஒரு காகிதம், ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது. வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. எங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்பது போல இருந்தார்.

நான் நின்றேன். அம்புன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வால்வை நான் திருகவில்லை, துவான்," என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாளில் அதை அவரிடம் நான் நேரில் சொன்னதே இல்லை. வக்கீலிடம் சொன்னேன், ஜன்னல் ஜன்னலாகச் சொன்னேன், பெண்டாட்டியிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

அவர் மறுக்கவில்லை. கத்தவும் இல்லை. "சாயா தாவு," என்றார் மலாயில், மழை வருகிறது என்று சொல்வது போல. எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

என் காதில் பாய்லர் இரைவது போல இருந்தது. "தெரிந்தால் அதைக் கோர்ட்டில் சொல்லியிருக்கலாமே, துவான்," என்றேன்.

துரை உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் நடிக்கவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"அங்கே என்னை யாரும் அதைக் கேட்கவில்லையே," என்றார்.

பிறகு பேனாவை மையில் தொட்டு, நான் கையெழுத்துப் போட வசதியாக என் பக்கம் நீட்டினார். அதன் முனையிலிருந்து ஒரு சொட்டு மேஜை மேல் விழுந்தது. அவர் நீட்டியபடியே இருந்தார். நான் கையை நீட்டவில்லை. அந்த வாரமே வீட்டைக் காலி செய்து கிள்ளானுக்கு வந்துவிட்டோம்.